அணைய மறுக்கும் கணினி

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெனட் தன் அண்ணன் வீட்டுக் கேட்டைத் திறந்தபோது அண்ணி எல்ஸி வாசலிலேயே நின்றிருந்தாள். "வா" என்றுகூடச் சொல்லவில்லை.

"இன்னிக்கும் அணையல ஜெனட். நேத்து மத்தியானம் அணைச்சது. இன்னும் அப்படியே நிக்குது."

"பட்டனை அமுக்கிப் பிடிச்சீங்களா அண்ணி?"

"இல்ல. நீதான் வேணாம்னியே. அப்படியே விட்டுட்டேன்."

ஈப்போவை அடுத்த லகாட்டில், அந்தத் தாமான் குடியிருப்பு வீட்டின் பின்னறையில் அண்ணன் டேரனின் மேசை அவன் விட்டுப்போனபடியே இருந்தது. அவன் இறந்து முப்பத்தெட்டு நாளாகிவிட்டது. எல்ஸி தூசி மட்டும் தட்டுவாள். மகள் ஷர்மினியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தினமும் அவன் கணினியைத் திறந்து படங்களைப் பார்ப்பாள். பார்த்து முடித்து அணைத்தால் அது அணையாது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் பட்டனை அழுத்திப் பிடித்து உயிரை எடுப்பாள். இதையே ஒரு மாதமாகச் செய்திருக்கிறாள்.

"இப்படியே செஞ்சா டிஸ்க் போயிடும் அண்ணி, படமெல்லாம் சேந்து போயிடும்" என்று ஜெனட் போன வாரம் போனில் சொல்லியிருந்தாள். அதனால்தான் இன்று வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அண்ணனும் அதே தொழில். அவன் வீட்டுக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைத் தவிர வேறு எதையும் ஏற்றியதில்லை.

எல்ஸி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பசியாறிட்டியா?"

"ஆச்சு அண்ணி."

ஜெனட் பொய் சொன்னாள். இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. காரணம் அவள் அப்பா லூர்துசாமி.

டேரன் இறந்த அன்று நல்ல மழை. சுங்கை சிப்புட் ஊருக்கு அப்பால், ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தில் லூர்துசாமி தனியாக இருக்கிறார். அவரைப் பார்க்க டேரன் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான். தோட்டத்துச் சாலையில், ஒரு வளைவில், கால்வாய்க்குள் இறந்து கிடந்தான். இரவு எட்டு மணிக்குச் சற்று முன்பு செம்பனைப் பழக்குலை ஏற்றி வந்த லோரிக்காரர்தான் பார்த்தார். அவன் விழுந்ததைக் கண்டவர் யாருமில்லை. எல்ஸியின் போனில் மட்டும் அவள் அடித்து அவன் எடுக்காத மூன்று அழைப்புகள் இருந்தன. ஆறு இருபது, ஆறு இருபத்து நாலு, ஆறு முப்பத்தொன்று.

"அவன் என் வீட்டுக்கு வந்தே சேரலையே" என்றார் லூர்துசாமி.

அதோடு எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். போன் அடித்திருக்கிறது, எடுக்கப் பார்த்திருக்கிறான், மோட்டார் சறுக்கிவிட்டது. மோட்டாரின் முகம் ஈப்போ பக்கம் திரும்பிக் கிடந்ததை லோரிக்காரர் சொன்னார். சறுக்கியதில் சுழன்றிருக்கும் என்று அதற்கும் பதில் கிடைத்தது.

அடக்கத்தன்று, பெட்டியை மூடுவதற்கு முன், அத்தனை சனத்துக்கு நடுவில் லூர்துசாமி மருமகளைப் பார்த்துக் கத்தினார். "நீ போன் அடிச்சு அடிச்சுத்தான் என் மவன் செத்தான்! ஒன்றரை மணி நேரம் மழைத் தண்ணியில கெடந்திருக்கான்!"

அன்றிலிருந்தே எல்ஸி அதிகம் பேசுவதில்லை. மாதா கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். ஜெனட்டும் அன்று அப்பாவைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவளும் அதைத்தான் நம்பினாள்.

ஜெனட் விசைப்பலகையை அருகில் இழுத்து, வட்டம் சுற்றிக்கொண்டிருந்த படத்தை விலக்கினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. ஏதோ ஒரு வேலை இன்னும் முடியவில்லையாம். அது முடியக் காத்திருக்கிறதாம். பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பது மணி நேரம், நாற்பத்திரண்டு நிமிடம். அதற்கு எதிரே, எல்லை இல்லை என்று எழுதியிருந்தது.

"என்னா அது?" என்றாள் எல்ஸி.

"எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கு. எதுக்குன்னு பாக்கணும்."

பட்டனை அமுக்காமல், விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தி, வட்டில் எழுத வேண்டியதை எழுதச் சொல்லிப் பாதுகாப்பாக அணைத்தாள். மறுபடி திறந்ததும் முதல் வேலையாகப் படங்களையெல்லாம் தான் கொண்டுவந்த வட்டில் நகல் எடுத்தாள். நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். எல்ஸி அந்தக் கோடு நகர்ந்து முடியும்வரை மூச்சு விடாமல் பார்த்தாள்.

"சுடா, முடிஞ்சுது. இனிமே கணினி செத்தாலும் படம் சாகாது அண்ணி."

எல்ஸி தலையாட்டினாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஜெனட் பதிவேட்டைத் திறந்தாள். கணினி தன்பாட்டுக்கு எழுதி வைக்கும் நாட்குறிப்பு அது. எப்போது எது ஓடியது, எது நின்றது என்று வரிக்கு வரி இருக்கும். முந்தைய தடவை அணைத்தபோது எழுதியதைக் கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போனாள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. வெளியில் இருக்கும் ஒரு பெட்டி பதில் சொல்லவில்லை, மறுபடி முயல்கிறேன். பதில் சொல்லவில்லை, மறுபடி முயல்கிறேன்.

எந்தப் பெட்டி?

அமைப்புக் கோப்பில் அண்ணன் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தான். வெளியில் இருக்கும் ஒரு பெட்டியின் கோப்புறையை இந்தக் கணினியோடு இணைக்கும் வரி. கோப்புறையின் பெயர்: அப்பா வீடு.

ஜெனட்டுக்கு நினைவு வந்தது. போன வருடம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து அரைநாள் எழ முடியாமல் கிடந்தார். அதற்குப் பிறகு டேரன் அங்கே கூடத்தில் ஒரு கேமராவும், தீப்பெட்டி மாதிரி சின்னக் கணினிப் பெட்டி ஒன்றும் மாட்டினான். "நான் குடிக்கிறேனான்னு வேவு பாக்குறான்" என்று அப்பா ஒரு மாதம் முணுமுணுத்தார்.

ஆக, விஷயம் சின்னது. அங்கே அந்தப் பெட்டி அணைந்து கிடக்கிறது. இங்கே இது, அணைவதற்கு முன் அந்தக் கோப்புறையை முறையாக விடுவிக்கப் பார்த்து, அங்கிருந்து பதில் வராமல் நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியைச் செயல்படாமல் ஆக்கிவிட்டால் போதும். ஐந்து நிமிட வேலை.

அப்பாவே எரிச்சலில் பெட்டியைப் பிடுங்கியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தாள். எப்போது பிடுங்கினார் என்று பார்ப்போமே என்று பதிவேட்டில் பழைய வரிகளுக்குப் போனாள். நாள் நாளாகப் பின்னோக்கிப் போனாள். போன வாரம், அதற்கு முந்தைய வாரம், அடக்கம் நடந்த நாள். எல்லாவற்றிலும் அதே வரி.

அந்த வரி முதன்முதலாக வந்த இடத்தில் நின்றாள்.

டேரன் செத்த அதே புதன்கிழமை. மாலை ஏழு மணி பதினோரு நிமிடம்.

ஜெனட் அந்த வரியை மறுபடி படித்தாள். அப்பாவுக்கு எட்டரை மணிக்குத்தான் செய்தி தெரியும். ஏழு பதினொன்றுக்கு அவர் எதற்காக அதைப் பிடுங்க வேண்டும்?

அங்கிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை காட்சிகளை இங்கே நகல் எடுக்கும்படி டேரன் செய்து வைத்திருந்தான். ஒரு வாரக் காட்சிகள் மட்டும் தங்கும். புதிது வந்தால்தான் பழையது போகும். அன்றைக்குப் பிறகு புதிதாக எதுவும் வராததால் அந்தக் கடைசி வாரம் முழுவதும் அப்படியே இருந்தது.

சமையல்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. ஜெனட் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிக் காட்சியைத் திறந்தாள்.

அப்பா வீட்டுக் கூடம். இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே பிளாஸ்டிக் மேசை. மேசைமேல் ஒரு போத்தல். ஓடாத மின்விசிறிக்குக் கீழே, தலை ஈரம் காயாமல், கழுத்தில் துண்டோடு டேரன் நின்றிருந்தான். திரையின் மூலையில் நேரம்: ஏழு மணி ஐந்து நிமிடம்.

ஜெனட் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மறுபடி சம்சுச் சாராயமா அப்பா? டாக்டர் என்னா சொன்னாரு?"

"நீ யாருடா என்னைக் கேக்க?"

டேரன் போத்தலை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போனான். அதைக் கொட்டும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து கதவைத் திறந்தார். வெளியே மழை வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"வெளிய போடா."

"மழை விடட்டும்ப்பா. விட்டதும் போறேன். என் போன் நனைஞ்சு செத்துப் போச்சு. உங்க போன குடுங்க, எல்ஸிக்கு ஒரு வார்த்தை சொல்லிடுறேன். தேடிக்கிட்டு இருப்பா."

அப்பாவின் கை சட்டைப்பையில் இருந்த போனை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"உன் பொண்டாட்டிக்குச் சொல்லத்தான் எனக்குப் போனா? போ. அந்தக் கண்ணையும் கழட்டிட்டுப் போ. என்னைப் பாக்க வேணாம். நீயும் பாக்க வேணாம், உன் மிசினும் பாக்க வேணாம்."

டேரன் அண்ணாந்து கேமராவைப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். அவன் முகம் திரை முழுவதும் வந்தது. கண் சிவந்திருந்தது. ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவ்வளவுதான். இருட்டு.

ஜெனட்டின் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. காட்சியைத் தன் போனுக்கு அனுப்பினாள். கோப்புறையை மூடினாள். அந்த ஒரு வரியைச் செயல்படாமல் ஆக்கினாள். கணினியை அணைத்தாள்.

நாலே நொடியில் அணைந்தது.

எல்ஸி பாலில்லாத தே ஓ தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றாள். "சரியாயிடுச்சா? என்னாவாம்?"

ஜெனட் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நெட்வொர்க் பிரச்சினை அண்ணி. பழைய இணைப்பு ஒண்ணு. எடுத்து விட்டுட்டேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இது தெரியாம ஒரு மாசமா இதோட கழுத்தை நெரிச்சுக்கிட்டு இருந்தேன் பாரு" என்று எல்ஸி அணைந்த திரையைத் துண்டால் துடைத்தாள்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து ஜெனட் சன்னலை இறக்கிவிட்டாள். வீட்டுக்குப் போக வேண்டியவள், சுங்கை சிப்புட் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

* * *

லூர்துசாமி வாசலில் உட்கார்ந்து மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம?"

ஜெனட் உள்ளே போனாள். கேமரா இருந்த இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன.

"அதை எங்கப்பா?"

"எதை?"

"அண்ணன் கழட்டினதை."

அவர் கையில் ஒட்டியிருந்த மீன் செதிலைச் சுரண்டினார். ஜெனட் போனை எடுத்து, காட்சியை ஓடவிட்டு, அவர் முன்னால் நீட்டினாள். டேரனின் குரல் கேட்டதும் அவர் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தார். "எல்ஸிக்கு ஒரு வார்த்தை சொல்லிடுறேன்" என்ற இடம் வந்தபோது, "அணைச்சிரு" என்றார். ஜெனட் அணைக்கவில்லை. கடைசிவரை ஓடியது.

"வந்தே சேரலன்னீங்களே அப்பா."

"நானா மொதல்ல சொல்லலம்மா." குரல் உடைந்திருந்தது. "அவங்களா வந்து சொன்னாங்க. 'உங்களப் பாக்க வர்ற வழியில விழுந்துட்டான்'னு லோரிக்காரன் சொன்னான். நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. வாய் வரல. அப்புறம் கேட்டவங்களுக்கெல்லாம் அப்படியே சொல்லிட்டேன். சொல்லிச் சொல்லி..."

"அண்ணிய அத்தனை பேருக்கு முன்னால கொலைகாரின்னீங்க."

"அப்படிச் சொல்லலையே."

"வேற என்னாப்பா சொன்னீங்க?"

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். எழுபத்தொரு வயது உடம்பு, குளியலறையில் விழுந்ததிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

"யார் மேலயாவது போடணும் போல இருந்துச்சும்மா. இல்லன்னா என் மேலதான் வரும். அன்னிக்கு ராத்திரி கதவை நான்தான் சாத்தினேன். மோட்டார் சத்தம் கேட்டுச்சு. கூப்பிடலாம்னு கதவைத் திறந்தேன். வெளக்கு வளைவுல போயிடுச்சு."

ஜெனட்டுக்கு அவரைத் தொட வேண்டும்போல இருந்தது. தொடவில்லை.

"அண்ணிகிட்ட நீங்களே சொல்லணும்."

"சொன்னா பேத்தியக் கண்ணுல காட்ட மாட்டா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தக் குட்டி மொகத்தப் பாக்கத்தான் உசிர வச்சிருக்கேன்."

"அவங்க முப்பத்தெட்டு நாளா எப்படி உசிர வச்சிருக்காங்கன்னு பாத்தீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். வாசலில் ஒரு பூனை வந்து மீனை முகர்ந்தது. அவர் அதை விரட்டவில்லை.

"நாளைக்கு வர்றப்ப சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்" என்றாள் ஜெனட்.

"அவளுக்கு இப்ப தெரியுமா?"

"தெரியாது."

அவர் முகத்தில் ஒரு நொடி நிம்மதி தெரிந்தது. ஜெனட் அதைப் பார்த்துவிட்டாள். அப்பாவின் உடைந்த குரலைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

* * *

லகாட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்றாகிவிட்டது. அவள் திரும்பி வருவதாக இல்லை. ஈப்போ வந்ததும் தன் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டியவள், நேராக வந்துவிட்டாள். நாளைவரை என்று அப்பாவுக்குக் கெடு கொடுத்தது சரிதானா என்று வழியெல்லாம் யோசித்தாள். இன்னும் ஒரு ராத்திரி அண்ணி அந்தப் பாரத்தோடு படுக்க வேண்டும். அப்பாவின் வசதிக்காக.

ஷர்மினி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எல்ஸி அவளுடைய பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னா ஜெனட், எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டியா?"

"அண்ணி, காலையில நான் பொய் சொன்னேன்."

எல்ஸி ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தாள்.

ஜெனட் சுற்றி வளைக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். "அண்ணன் அன்னிக்கு அப்பா வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாரு. ஏழு மணிக்கு அங்கதான் இருந்தாரு. உயிரோட இருந்தாரு. நீங்க போன் அடிச்சதால அவர் விழல அண்ணி."

எல்ஸி பின்னறைக்கு நடந்து போனாள். கணினியின் முன் உட்கார்ந்தாள். "காட்டு" என்றாள்.

ஜெனட் காட்டினாள். ஹெட்போன் இல்லாமலே ஓடவிட்டாள். அறை முழுக்க மழைச் சத்தம் கேட்டது. டேரன் போன் கேட்ட இடத்தில் எல்ஸியின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அவன் முகம் திரை முழுவதும் வந்தபோது அவள் எழுந்து கிட்டத்தில் போய், அது இருண்ட பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதுக்கு முன்னாடி இருக்கா?"

"இருக்கு. அவர் வந்ததுலேர்ந்து இருக்கு."

"அங்க ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

"நான் பாக்கல அண்ணி."

எல்ஸி ஆறு முப்பத்தைந்திலிருந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். டேரன் வந்து செருப்பைக் கழற்றுகிறான். துண்டு கேட்கிறான். கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து அப்பா தட்டில் வைக்கிறான். தான் சாப்பிடவில்லை. மேசைக்கடியில் போத்தலைப் பார்க்கிறான். எல்லாவற்றையும் பார்த்து முடித்தும் எல்ஸியின் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"அப்பாவப் போய்ப் பாத்தியா?"

"பாத்தேன். நாளைக்கு உங்ககிட்ட அவரே சொல்லணும்னு சொல்லிட்டு வந்தேன். முடியல அண்ணி. அதான் வந்துட்டேன்."

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னியா?"

"ஆமா."

எல்ஸி கணினியை அணைத்தாள். அது அணையும்வரை பார்த்திருந்துவிட்டுத் தன் போனை எடுத்தாள். அந்த எண்ணுக்கு அவள் முப்பத்தெட்டு நாளாக அடித்ததில்லை. மறுமுனையில் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மாமா, எல்ஸிதான். நல்லாருக்கீங்களா?"

குரல் சீராக இருந்தது. ஜெனட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு வாரீங்கல்ல? கோயில்ல பூசை முடிஞ்சு நேரா வந்துடுங்க. சமைச்சு வைக்கிறேன். லீமா அக்கா, பக்கத்து வீட்டுத் தேவன் அண்ணே, அன்னிக்கு அடக்கத்துக்கு வந்தவங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். அவரோட நாப்பதாம் நாள் செபத்த ஒரு நாள் முன்னாடியே வச்சுக்கலாம்னு."

அவள் யாரையும் இன்னும் கூப்பிடவில்லை என்பது ஜெனட்டுக்குத் தெரியும். அப்பா கத்திய அதே சனத்துக்கு நடுவில் எந்தக் காட்சி ஓடப்போகிறது என்பதும் அவளுக்குப் புரிந்தது.

அப்பா ஏதோ கேட்டார். அவருடைய குரல் மெல்லியதாக, பயந்ததாக, அறைக்குள் கேட்டது. ஜெனட் அங்க வந்தாளா என்று கேட்டார்.

எல்ஸி திரும்பி ஜெனட்டின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"இல்லையே மாமா," என்றாள். "காலையில போனவதான். இன்னும் வரல."